ஆங்கிலப் பல்பொருட் சொற்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு

ஆங்கிலப் பல்பொருட் சொற்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்பது, ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தரும் சொற்களுக்குப் பிரெஞ்சு மொழியில் இடத்துக்கேற்ற சொல்லைத் தெரிவு செய்வதில் எழும் சிக்கல்களையும், அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் குறிக்கும். ஒரே சொல் பல பொருள் தருவது எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பாகும். தமிழ் இலக்கண மரபில் இது பலபொருள் குறித்த ஒருசொல் எனப்படுகிறது. ஆனால் ஒரு மொழியில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருள்கள் மற்றொரு மொழியிலும் ஒரே சொல்லின் கீழ் அமைவது அரிது. இதனால், ஆங்கில எழுத்தாளர் தெரிவு செய்யாமல் விட்ட ஒன்றைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் தெரிவு செய்தே ஆகவேண்டிய நிலை ஏற்படுகிறது. அன்றாட உரைகளில் சூழலே பொருளைக் காட்டிவிடும். சட்டம், பன்னாட்டு உறவு ஆகிய துறைகளில் இத்தகைய தெரிவு பெரும் விளைவுகளை உண்டாக்கக்கூடியது.

இக்கட்டுரையில் ஆங்கில, பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதப்பட்டுள்ளன. பிரெஞ்சு மூக்கொலி உயிர்கள் 'ங்' சேர்த்துக் காட்டப்பட்டுள்ளன.

வகைகள்

மொழிபெயர்ப்பில் சிக்கல் தரும் ஆங்கிலச் சொற்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

* ஒப்புருச் சொற்கள்: வெவ்வேறு பொருள் கொண்ட இரு சொற்கள் தற்செயலாக ஒரே வடிவம் பெற்றவை. 'பேங்க்' என்பது பண நிறுவனத்தையும் ஆற்றங்கரையையும் குறிக்கும். பிரெஞ்சில் முன்னது 'பாங்க்', பின்னது 'ரீவ்' அல்லது 'பெர்ஜ்'.
* பல்பொருட் சொற்கள்: ஒரே சொல்லின் பொருள் கிளைத்துப் பல பொருள்களானவை. 'பேப்பர்' என்னும் சொல் தாள், செய்தித்தாள், ஆய்வுக்கட்டுரை, தேர்வு விடைத்தாள் ஆகியவற்றைக் குறிக்கும். பிரெஞ்சில் இவை முறையே 'பப்பியே', 'ஜுர்னால்', 'ஆர்த்தீக்ல்', 'கொப்பி' எனப்படும்.
* பொதுமைச் சொற்கள்: ஆங்கிலம் பேசுவோருக்கு ஒரே பொருளாகத் தோன்றி, பிரெஞ்சில் இரண்டாகப் பிரிபவை. 'நோ' (அறிதல்), 'ரிவர்' (ஆறு), 'யூ' (நீ, நீங்கள்) ஆகியவை இவ்வகையின.

முதல் வகையில் பிழை நேர்ந்தால் வாசகர் உடனே கண்டுகொள்வார். மூன்றாம் வகையில் நேரும் பிழை எளிதில் புலப்படாது. மூலத்தில் இல்லாத தகவல் ஒன்று மொழிபெயர்ப்பில் சேர்ந்துவிடுவதே இதற்குக் காரணமாகும்.

எடுத்துக்காட்டுகள்

அறிதல்

ஆங்கிலத்தின் 'நோ' என்னும் வினைக்குப் பிரெஞ்சில் 'சவ்வுவார்', 'கொனெத்ர்' என இரு வினைகள் உள்ளன. ஒரு செய்தி தெரிந்திருப்பதற்கும், ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பதற்கும் முதலாவது பயன்படுகிறது. ஒரு மனிதரையோ ஊரையோ நூலையோ பழகி அறிந்திருப்பதற்கு இரண்டாவது வரும். நீந்தத் தெரியும் என்பதில் 'சவ்வுவார்' வரும். அவரைத் தெரியும் என்பதில் 'கொனெத்ர்' வரும். தமிழிலும் இரண்டு இடத்திலும் 'தெரியும்' என்றே சொல்வதால், பிரெஞ்சு கற்கும் தமிழ் மாணவர்களுக்கும் இந்த வேறுபாடு தொடக்கத்தில் கடினமாக இருக்கும்.

ஆறு

கடலில் சென்று கலக்கும் ஆற்றைப் பிரெஞ்சில் 'ஃப்ளேவ்' என்றும், மற்றோர் ஆற்றில் கலக்கும் ஆற்றை 'ரிவியேர்' என்றும் அழைப்பர். பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு எப்போதும் பேணப்படுவதில்லை. புவியியல் நூல்களில் பேணப்படுகிறது. கனடாவின் செயின்ட் லாரன்சு ஆறு 'ஃப்ளேவ்' ஆகும். அதில் கலக்கும் ஒட்டாவா ஆறு 'ரிவியேர்' ஆகும். ஆங்கிலத்தில் இரண்டுமே 'ரிவர்' தான். எனவே ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பெயர்ப்பவர், அந்த வாக்கியத்தில் எங்குமே சொல்லப்படாத ஒரு செய்தியை, அதாவது அந்த ஆறு எங்கே முடிகிறது என்பதை, நிலப்படத்தில் பார்த்தறிய வேண்டியுள்ளது.

நேரம்

'டைம்' என்பதற்குப் பொதுவான காலம் என்னும் பொருளில் 'தாங்', மணி கேட்கும்போது 'எர்', தடவை என்னும் பொருளில் 'ஃபுவா', வரலாற்றுக் காலத்துக்கு 'எப்போக்' ஆகிய சொற்கள் வரும். மறுபுறம், 'தாங்' என்னும் பிரெஞ்சுச் சொல் வானிலையையும் குறிக்கும்.

ஓடுதல்

'ரன்' ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்கள் கொண்ட வினைகளில் ஒன்றாகும். மனிதர் ஓடுவது 'கூரீர்', நீர் ஓடுவது 'கூலே', இயந்திரம் ஓடுவது 'ஃபோங்சியொனே', நிறுவனத்தை நடத்துவது 'திரிஜே', கணினி நிரலை இயக்குவது 'எக்ஸெக்யுதே', தேர்தலில் நிற்பது 'சு பிரெசாங்தே' என வரும். எழுவாயும் செயப்படுபொருளும் தெரிந்தால் பொருள் தெளிவாகிவிடும் என்பதால், இச்சொல்லில் சிக்கல் தோன்றுமளவுக்குப் பெரிதன்று.

உரிமையும் வலமும்

'ரைட்' என்பது உரிமை, வலப்பக்கம், சரியானது என்னும் பொருள்களைத் தரும். உரிமை 'துருவா', வலப்பக்கம் 'துருவாத்', சரியானது 'ஜுஸ்த்'. ஒருவர் சொல்வது சரி என்பதற்கு, அவரிடம் நியாயம் இருக்கிறது என்னும் அமைப்பில் 'அவ்வுவார் ரெசோங்' என்பர். இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. 'துருவா' என்னும் பிரெஞ்சுச் சொல் உரிமையை மட்டுமன்றிச் சட்டத்துறை முழுமையையும் குறிக்கும். ஆங்கிலத்தின் 'லா' என்னும் சொல் அவையில் நிறைவேறிய தனிச் சட்டத்தைக் குறித்தால் 'லுவா' என்றும், சட்ட ஒழுங்கு முழுவதையும் குறித்தால் 'துருவா' என்றும் பெயர்க்கப்படும். இவ்வாறு இரு மொழிகளின் சொற்களும் ஒன்றன்மீது ஒன்று பாதி படிந்து, பாதி விலகி நிற்கின்றன.

கட்டற்றதும் இலவசமும்

'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல் விடுதலை, விலையின்மை ஆகிய இரண்டையும் குறிக்கும். பிரெஞ்சில் முதலாவது 'லீப்ர்', இரண்டாவது 'கிராத்துயி'. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் கூறும் 'ஃப்ரீ' மென்பொருள் பயனரின் விடுதலை பற்றியது, விலை பற்றியதன்று என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சில் 'லொஜிசியேல் லீப்ர்' என்று சொன்ன அளவில் அந்த விளக்கம் தேவையற்றதாகிறது. இச்சிக்கல் காரணமாகவே 'லீப்ர்' என்னும் சொல் ஆங்கிலம் பேசும் மென்பொருள் வல்லுநரிடையேயும் வழக்குக்கு வந்தது. விக்கிப்பீடியாவும் பிரெஞ்சில் 'லீப்ர்' கலைக்களஞ்சியம் என்றே தன்னை அறிமுகப்படுத்துகிறது. தமிழ் விக்கிப்பீடியா 'கட்டற்ற' என்னும் சொல்லை ஏற்றதும் இதே வேறுபாட்டைக் காப்பதற்கே உதவுகிறது. 'இலவச' என்று பெயர்த்திருந்தால் மூலத்தின் கருத்து மாறியிருக்கும்.

வரலாற்றுப் பின்னணி

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், சில நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு வழங்கியது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. பின்னர் இரு மொழிகளிலும் அச்சொற்கள் தனித்தனியே பொருள் மாற்றம் அடைந்தன. எனவே ஒத்த வடிவமுள்ள சொற்கள் பொருளில் வேறுபட்டு நிற்கின்றன. இவற்றைக் குறிக்கும் 'பொய் நண்பர்கள்' என்னும் தொடர், கெஸ்லர், தெரொக்கிஞி ஆகியோர் 1928இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து பரவியது.

'சென்டென்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆங்கிலத்தில் இது இலக்கண வாக்கியத்தையும் நீதிமன்றத் தண்டனையையும் குறிக்கும். இன்றைய பிரெஞ்சில் வாக்கியம் 'ஃபிராஸ்', தண்டனை 'பேன்'. 'சாங்தாங்ஸ்' என்னும் ஒத்த வடிவமுள்ள பிரெஞ்சுச் சொல் தீர்ப்பையும் முதுமொழியையும் குறிக்கும். வாக்கியம் என்னும் பொருள் அதற்கு இல்லை. 'கண்ட்ரோல்' என்பதும் இத்தகையதே. பிரெஞ்சில் 'கோங்த்ரோல்' என்பதன் முதன்மைப் பொருள் சரிபார்த்தல் ஆகும். இதனால் படைக்கலக் கட்டுப்பாடு என்னும் பொருளில் வரும் ஆங்கிலத் தொடரைப் பெயர்க்கும்போது, ஆளுகையில் வைத்திருத்தல் என்று பொருள்படும் 'மெத்ரீஸ்' என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது.

ஆங்கிலச் சொற்களை முன்வைத்துப் பிரெஞ்சுச் சொற்களைத் தரும் பழைய நூல்களுள் ஜான் பால்ஸ்கிரேவ் 1530இல் வெளியிட்ட பிரெஞ்சு இலக்கணம் குறிப்பிடத்தக்கது. தற்கால ஒப்பீட்டு ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தது வினே, தார்பெல்னே ஆகியோர் 1958இல் வெளியிட்ட பிரெஞ்சு-ஆங்கில ஒப்பீட்டு நடையியல் நூலாகும். நியூயார்க்கிலிருந்து மொண்ட்ரியால் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள அறிவிப்புப் பலகைகளின் ஒப்பீட்டுடன் அந்நூல் தொடங்குகிறது. சொல்லுக்குச் சொல் வைக்காமல், அதே சூழலில் பிரெஞ்சு பேசுவோர் இயல்பாக என்ன எழுதுவர் என்று கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய அணுகுமுறையாகும்.

எதிர்த்திசைச் சிக்கல்

பல பொருள் தருவது ஆங்கிலத்தின் குறையன்று. பிரெஞ்சில் ஒரே சொல்லாக இருப்பவை ஆங்கிலத்தில் பிரிவதும் உண்டு. 'மூத்தோங்' என்பது செம்மறியாட்டையும் அதன் இறைச்சியையும் குறிக்க, ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் பெர்டினாந்து டி சொசூர், ஒரு சொல்லின் மதிப்பு அதே மொழியின் பிற சொற்களைச் சார்ந்தது என்பதை விளக்க இதனையே எடுத்துக்காட்டினார். அவ்விளக்கம் அவர் மறைந்தபின் 1916இல் வெளியான நூலில் உள்ளது. 'கோங்சியாங்ஸ்' என்பது மனச்சான்று, உணர்வுநிலை ஆகிய இரண்டையும், 'பொலித்தீக்' என்பது அரசியல், கொள்கை ஆகிய இரண்டையும், 'எக்ஸ்பெரியாங்ஸ்' என்பது பட்டறிவு, ஆய்வுச் சோதனை ஆகிய இரண்டையும் குறிக்கும்.

சட்டத்திலும் பன்னாட்டு ஆவணங்களிலும்

சட்ட ஆவணங்களில் பொருள் மயக்கம் சில வேளைகளில் கவனக்குறைவால் நேர்கிறது. சில வேளைகளில் இரு தரப்பும் உடன்படுவதற்காக வேண்டுமென்றே விடப்படுகிறது. பிரெஞ்சு மொழியின் அமைப்பு அந்த மயக்கத்தை அப்படியே வைத்திருக்க இடம் தராதபோது, மொழிபெயர்ப்பே ஒரு நிலைப்பாடாக ஆகிவிடுகிறது.

தீர்மானம் 242

இதற்குப் பெரிதும் காட்டப்படும் எடுத்துக்காட்டில் மயக்கத்தின் காரணம் ஒரு சொல் அன்று, ஒரு சொல் இல்லாமையாகும். 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின், நவம்பர் 22 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தீர்மானம் 242ஐ நிறைவேற்றியது. பிரித்தானியத் தூதர் காரடன் பிரபு முன்வைத்த ஆங்கில வரைவில், அண்மைப் போரில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இசுரேலியப் படைகள் விலக வேண்டும் என்று இருந்தது. 'நிலப்பகுதிகள்' என்பதற்கு முன் 'த' என்னும் சுட்டு இடைச்சொல் இடம்பெறவில்லை. எனவே எல்லா நிலப்பகுதிகளிலிருந்துமா, அவற்றுள் சிலவற்றிலிருந்தா என்னும் கேள்வி எழுந்தது. பிரெஞ்சு வடிவத்தில் 'தே தெரித்துவார்' என்று உள்ளது. இங்கு 'தே' என்பது 'இலிருந்து' என்பதும் சுட்டு இடைச்சொல்லும் இணைந்த வடிவமாகும். ஆகவே அது குறிப்பிட்ட அந்த நிலப்பகுதிகள் முழுவதையும் சுட்டுவதாகப் படிக்கப்படுகிறது.

வரைவு ஆங்கிலத்திலேயே பேசி முடிக்கப்பட்டது, இடைச்சொல் தெரிந்தே விடப்பட்டது என்பது ஒரு சாராரின் வாதம். அப்போது ஆங்கிலமும் பிரெஞ்சும் அவையின் செயல்மொழிகளாக இருந்தன, மயக்கமுள்ள வடிவத்தைத் தெளிவான வடிவத்தைக் கொண்டே விளக்க வேண்டும் என்பது மறுசாராரின் வாதம். தீர்மானத்தின் முகவுரையில் போரால் நிலம் கைப்பற்றுவது ஏற்கத்தகாதது என்று கூறப்பட்டிருப்பதையும் இவர்கள் எடுத்துக்காட்டுவர். இந்த விவாதம் பல பத்தாண்டுகளாகத் தீராமல் தொடர்கிறது.

லகிராண்ட் வழக்கு

அனைத்துலக நீதிமன்றத்தின் சட்டவிதி 41, இடைக்கால நடவடிக்கைகள் பற்றியது. எடுக்கப்பட வேண்டிய நடவடிக்கைகளைக் கூறுமிடத்தில் ஆங்கில வடிவம் 'ஆட்' என்னும் துணைவினையை ஆள்கிறது. இச்சொல் அறிவுரையையும் குறிக்கலாம், கடமையையும் குறிக்கலாம். பிரெஞ்சு வடிவத்தில் அதே இடத்தில் 'துவ்வார்' என்பதன் நிகழ்கால வடிவம் உள்ளது. அது கட்டாயத்தைக் குறிப்பதாகும்.

செருமானியக் குடிமகனான வால்டர் லகிராண்ட் என்பவருக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. வழக்கு முடியும்வரை தண்டனையை நிறைவேற்றாதிருக்க எல்லா வழிகளையும் மேற்கொள்ளுமாறு நீதிமன்றம் 1999 மார்ச் 3 அன்று ஆணையிட்டது. ஆயினும் அன்றே அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அத்தகைய ஆணை வெறும் அறிவுரையா, பிணிப்புடையதா என்பது வழக்கின் முதன்மைக் கேள்விகளுள் ஒன்றாயிற்று. 2001 சூன் 27 அன்று வழங்கிய தீர்ப்பில், நீதிமன்றம் இரு மொழி வடிவங்களையும் ஒப்பிட்டு, சட்டவிதியின் நோக்கத்தையும் கருதி, அத்தகைய ஆணைகள் பிணிப்புடையவை என்று முடிவு செய்தது. ஒப்பந்தங்களின் பன்மொழி வடிவங்கள் வேறுபட்டால், ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு ஏற்ப அவற்றை மிகுதியும் இணக்கும் பொருளை எடுக்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 33ஆம் விதி கூறுகிறது. நீதிமன்றம் இவ்விதியின் வழிமுறையைப் பின்பற்றியது.

கனடா

கனடாவின் கூட்டாட்சிச் சட்டங்கள் 1867 முதலே இரு மொழிகளிலும் வெளியிடப்பட்டு வருகின்றன. 1982ஆம் ஆண்டு உரிமைகள் பட்டயம் இரண்டு வடிவங்களுக்கும் சம அதிகாரம் உண்டு என்று உறுதி செய்கிறது. ஒரு வடிவம் மயக்கமாகவும் மற்றது தெளிவாகவும் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான பொருளை நீதிமன்றங்கள் முதலில் தேடும். அப்பொருள் சட்டமன்றத்தின் நோக்கத்துடன் பொருந்துகிறதா என்பதைப் பின்னர் ஆராயும். எனவே கனடாவில் பிரெஞ்சு வடிவம் மூலத்தின் நிழல் மட்டுமன்று. ஆங்கிலச் சட்டத்தின் பொருளையே அது வரையறுக்கக்கூடும்.

இலக்கியத்தில்

சிலேடையில் இரு பொருள்களும் ஒருசேர வேண்டப்படுவதால், ஒன்றைத் தெரிவு செய்வது தீர்வாகாது. ஆஸ்கார் வைல்டு 1895இல் அரங்கேற்றிய நாடகம் ஒன்றின் தலைப்பில் 'எர்னஸ்ட்' என்னும் ஆண்பெயர், நேர்மையுள்ளவன் என்று பொருள்படும் சொல்லுடன் ஒத்தொலிக்கிறது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைச் சற்று விட்டுக்கொடுத்து விளையாட்டைக் காத்தனர். ஆண்பெயராகவும், உறுதியுள்ளவன் என்னும் பொருளுள்ள சொல்லாகவும் விளங்கும் 'கோங்ஸ்தாங்' என்பது அங்கே பயன்படுத்தப்பட்டது. நாடக ஆசிரியர் ஜான் அனூய் செய்த தழுவலில், அன்பு செய்யப்பட்டவன் என்று பொருள்படும் 'எமே' என்னும் பெயர் வருகிறது.

இயந்திர மொழிபெயர்ப்பில்

கணினி மொழிபெயர்ப்பின் தொடக்கம் முதலே பல்பொருட் சொற்கள் அத்துறையின் மையச் சிக்கலாக இருந்து வந்துள்ளன. 1949இல் வாரன் வீவர் எழுதிய குறிப்புரையில், ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் பொருள் தெரியாது, அதன் இருபுறமும் உள்ள சொற்களையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும் என்று கூறினார். 1960இல் யெகோசுவா பார்-இல்லல் இதற்கு ஒரு தடையைக் காட்டினார். விளையாட்டுப் பெட்டியைத் தேடும் குழந்தை, அது 'பென்' ஒன்றினுள் இருப்பதைக் காண்கிறது. 'பென்' என்பது எழுதுகோலையும் குழந்தை விளையாடும் அடைப்பையும் குறிக்கும். பெட்டி எழுதுகோலைவிடப் பெரியது என்பது மனிதருக்குத் தெரியும். அகராதி மட்டும் கொண்ட இயந்திரத்துக்குத் தெரியாது. பிரெஞ்சில் பெயர்ப்பதானால் 'ஸ்டிலோ' என்பதா, 'பார்க்' என்பதா என்னும் முடிவு இந்த உலகறிவையே சார்ந்துள்ளது.

பின்வந்த முயற்சிகளை நான்கு கட்டங்களாகக் கூறலாம்.

* துறையைக் குறுக்குதல்: மொண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் உருவான மெத்தியோ அமைப்பு, 1977 முதல் 2001 வரை கனடாவின் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்த்தது. வானிலை அறிக்கையில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே பொருளில் வருவதே அதன் வெற்றிக்குக் காரணம்.
* இணை உரைகளை எண்ணுதல்: கனடிய நாடாளுமன்ற உரைகள் இரு மொழிகளிலும் கிடைத்ததால், ஐபிஎம் ஆய்வாளர்கள் 1990 அளவில் அவற்றைக் கொண்டு புள்ளியியல் மொழிபெயர்ப்பை உருவாக்கினர்.
* பொருள் பிரித்தறிதல்: 1992இல் கேல், சர்ச், யரோவ்ஸ்கி ஆகியோர் அதே உரைகளில் ஆறு ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 'டியூட்டி' வரியைக் குறித்தால் 'துருவா', கடமையைக் குறித்தால் 'துவ்வார்' எனவும், 'டிரக்' மருந்தைக் குறித்தால் 'மெடிக்காமாங்', போதைப்பொருளைக் குறித்தால் 'துரோக்' எனவும் பெயர்க்கப்பட்டிருந்தது. பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலச் சொல்லின் பொருளைக் காட்டும் அடையாளமாகப் பயன்பட்டது. ஓர் உரையினுள் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே பொருளில் வரும் என்பதையும் இவர்கள் கண்டனர்.
* நரம்பியல் வலையமைப்புகள்: 2014 முதல் வளர்ந்த முறைகள் வாக்கியம் முழுவதையும் கருத்தில் கொள்கின்றன. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் முறை இதில் பெரும் முன்னேற்றமாகும். விலங்கு சாலையைக் கடக்கவில்லை, ஏனெனில் அது களைத்திருந்தது அல்லது அகலமாக இருந்தது என்னும் ஆங்கில வாக்கியங்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டன. பிரெஞ்சில் விலங்கு ஆண்பால், சாலை பெண்பால் என்பதால், 'அது' என்பதற்கு முன்னதில் 'ஈல்', பின்னதில் 'எல்' வர வேண்டும்.

இன்றைய அமைப்புகள் நீண்ட உரைகளில் பெரும்பாலும் சரியான சொல்லைத் தருகின்றன. சூழலற்ற ஒற்றைச் சொற்களில் சிக்கல் தொடர்கிறது. கணினித் திரையில் தனித்து நிற்கும் 'ஓப்பன்' என்பது திறக்கும் கட்டளையாயின் 'ஊவ்ரீர்', திறந்துள்ள நிலையாயின் 'ஊவேர்'. 'ஹோம்' என்பது வீடாயின் 'மெசோங்', வலைத்தளத்தின் முதற்பக்கமாயின் 'அக்கேய்'. 'சேவ்' என்பது உயிரைக் காப்பதாயின் 'சோவே', பணத்தைச் சேமிப்பதாயின் 'எப்பார்ஞே', கோப்பைச் சேமிப்பதாயின் 'ஆங்ருஜிஸ்த்ரே'. இதனால் மென்பொருள் உருவாக்குவோர், ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் தோன்றும் என்ற குறிப்பை மொழிபெயர்ப்பாளருக்குச் சேர்த்து வழங்குவது வழக்கமாகியுள்ளது.

மொழிபெயர்ப்பு நெறிகள்

* சொல்லைத் தனியே எடுக்காமல், அதன் எழுவாய், செயப்படுபொருள், அடைமொழி ஆகியவற்றுடன் சேர்த்துப் பார்த்தல்.
* இருமொழி அகராதியில் முதலில் உள்ள சொல்லை எடுக்காமல், பொருள் எண்களையும் துறைக் குறிப்புகளையும் படித்தல்.
* தெரிவு செய்த பிரெஞ்சுச் சொல்லை மீண்டும் ஒருமொழி அகராதியில் சரிபார்த்தல்.
* ஓர் ஆவணத்தில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்துதல்.
* மூலம் மயக்கமாக இருந்தால், எழுதியவரிடம் கேட்டறிதல். அது இயலாதபோது, இரு பொருளுக்கும் இடம் தரும் பொதுச்சொல்லைத் தேடுதல் அல்லது குறிப்பு எழுதுதல்.

இவற்றுள் இறுதி நெறியே கடைப்பிடிக்கக் கடினமானது. மயக்கத்தைத் தாமே தீர்த்துவிடும் மொழிபெயர்ப்பாளர் தெளிவான வாக்கியத்தைப் பெறுகிறார். ஆனால் அந்தத் தெளிவு மூலத்தில் இருந்ததில்லை என்பது அவ்வாக்கியத்தைப் படிப்பவருக்குத் தெரியாது.

இவற்றையும் பார்க்கவும்

* மொழிபெயர்ப்பியல்
* பொய் நண்பர்கள்
* சிலேடை
* இயந்திர மொழிபெயர்ப்பு
* கட்டற்ற மென்பொருள்